பெருக்கம் பழத் தூளும் நான் சொன்ன உப்பும்

டொக்டர் கதிரையில் இருக்கவில்லை.

கதிரை இருந்தது. சுவரோரம், நீலத் தோல் உறை போட்டு, ஒரு மூலையில் கிழிந்து. அவர் அதைத் தொடாமல் கட்டிலின் கால்மாட்டில் நின்று, கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தார். பிறகு செபமாலை அண்ணையைப் பார்த்தார். பிறகு என்னை.

"செவ்வாய்க்கிழமை ஏறியது. மருந்து கொடுத்து இறக்கினோம். நேற்று மறுபடி ஏறியது. இன்று காலையும் அப்படியே. எங்கள் கண் முன்னால், எங்கள் கட்டிலில். எப்படி என்று அவரிடம் கேளுங்கள்."

ஏறியது பொட்டாசியம். இரத்தத்தில் ஏறினால் அது முதலில் போய்க் கதவைத் தட்டும் இடம் இதயம். தட்டுவதற்குமேல் ஒன்றும் சொல்லாது. வலிக்காது, காய்ச்சல் வராது. ஒரு நேரத்தில் இதயம் நின்றுவிடும்.

நான் அதைத் தமிழில் சொன்னேன். செபமாலை அண்ணை நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைக் குனிந்து பார்த்தார், சட்டையில் கறி சிந்திவிட்டதைப்போல.

"நான் என்னத்தைச் செய்தனான்? அவை தந்ததைத்தானே குடிக்கிறன். மணலைக் கரைச்சுத் தாறமாதிரி ஒண்டு. அதையும் குடிச்சனான்."

டொக்டர் காத்திருந்தார். குரலை உயர்த்தவில்லை. "ஒன்று எங்கள் இயந்திரம் பொய் சொல்கிறது. அல்லது இவர்."

அந்த வசனத்தை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. குரலிலேயே அவருக்கு விளங்கிவிட்டது.

"மாதாவாணை நான் பொய் சொல்லேல்லை தங்கச்சி. சொல்லுங்கோ அவருக்கு."

பக்கத்தில் நின்ற ரெஜினா அக்கா, அவருடைய மனைவி, சால்வையை இழுத்து மூடிக்கொண்டு முன்னுக்கு வந்தார். "நாலு மாசமாய் வீட்டிலை ஒரு உப்புக் கல்லு இல்லை. நீங்கள் சொன்னமாதிரித்தான் எல்லாம் செய்யிறன். அவற்றை வாயிலை உப்புப் படேல்லை எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன்.

டொக்டரின் புருவம் சுருங்கியது. "உப்பைப் பற்றி இப்போது யார் கேட்டது?"

அக்கா ஏன் உப்பைப் பற்றிச் சொல்கிறார் என்று அந்தக் கணத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

பஸ்ஸுக்கு ஓடிய நாள்

நான்கு மாதங்கள் பின்னால் போகவேண்டும்.

இலைகள் விழுந்து முடிந்த காலம். செபமாலை அண்ணையின் இரண்டு சிறுநீரகங்களும் சீனி வருத்தத்தால் தேய்ந்துகொண்டு வருகின்றன, மெஷினில் இரத்தம் சுத்திகரிக்கும் நாளைத் தள்ளிப்போட வேண்டுமென்றால் சாப்பாட்டில் கவனம் வேண்டும் என்று அவரை உணவு ஆலோசகரிடம் அனுப்பியிருந்தார்கள். பிரெஞ்சு கதைக்க ஆள் வேண்டும். எங்கள் தேவாலயப் பங்கில் எவருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம் வரும்; நானும் போவேன். எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஒன்பது வருடத்தில் ஆறு வீடு மாறியவள் நான். பிறர் காரியமென்றால் எழும்பி நடக்க ஒரு சாட்டு.

ஆலோசகர் இளம் பெண். மேசையில் ரப்பரால் செய்த வாழைப்பழம், ரப்பர் தக்காளி, ரப்பர் உருளைக்கிழங்கு. ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டித் தள்ளிவைத்தார். இதில் பொட்டாசியம், இதிலும் பொட்டாசியம். பட்டியலை நான் பிழையில்லாமல் சொன்னேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பிழை ரெஜினா அக்காவின் கேள்விக்குப் பிறகு வந்தது.

"பொட்டாசியம் எண்டால் என்ன தங்கச்சி?"

மணி பார்த்தேன். வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு ஏழு நிமிடம். பதில் எனக்குத் தெரியாது. தெரியாது என்பதை மூன்று மொழியிலும் சொல்லக்கூடிய நான் ஒரு மொழியிலும் சொல்லவில்லை.

"அது ஒருவகை உப்பு அக்கா."

"ஓ, உப்போ." அவர் முகம் தெளிந்தது. உப்பு அவருக்குத் தெரியும். "அப்ப புளிப்புக்குத் தடையில்லையே?"

அந்தக் கேள்வி ஆலோசகருக்கு உரியது. நான் அதை மேசையின் அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்க வேண்டும். அதுதான் என் வேலை. நான் கோட்டுக்குள் கையை நுழைத்தபடி, "புளிப்பு என்ன செய்யப்போகுது, போடுங்கோ" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

பஸ்ஸைப் பிடித்தேன். இருக்கை கிடைத்தது. யன்னல் கண்ணாடியில் என் மூச்சு பூத்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அன்று.

மருந்து இல்லை

மறுபடி ஆஸ்பத்திரி அறை, அந்த வியாழக்கிழமை காலை. டொக்டர் இன்னும் நிற்கிறார்.

"வேறு மருந்து ஏதாவது? வீட்டில், உங்கள் நாட்டு மருந்து, மூலிகை?"

"வேற மருந்து ஏதும் எடுக்கிறியளோ அண்ணை? ஊர் மருந்து?"

"மருந்தோ?" செபமாலை அண்ணை தலையை ஆட்டினார். "ஒண்டும் இல்லை. இவை தாற குளிசையே வயித்தை நிரப்புது."

"இல்லை" என்றேன் டொக்டரிடம்.

உண்மையைத்தான் சொன்னார். நானும் உண்மையைத்தான் மொழிபெயர்த்தேன். எங்கள் பேச்சில் மருந்து என்றால் குளிசை, கசாயம், எண்ணெய். குசினியில் கறிக்குள் விழுவது மருந்தல்ல, சாப்பாடு. கேள்வி பிழையென்றால் உண்மையான பதிலும் ஆளைக் கொல்லும்.

"நாளை காலையும் ஏறியிருந்தால் கழுத்தில் குழாய் போட்டு மெஷினில் இணைப்போம்" என்றார் டொக்டர். "அதற்கு முன் இதயம் தடுமாறினால்..." தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

உப்பு என்று சொன்னது நான்தான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். அவர் திரும்பிய பிறகும், கதவருகில் ஒரு கணம் நின்றபோதும் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வேலைக்குப் போனேன்.

கடுகு எழுத்துக்கள்

நகரத்தின் சென்ட் லோரன்ட் பக்கத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலை; மருந்துப் பெட்டிகளுக்குள் தாள் வைப்பது என் வேலை. தாளில் கடுகளவு எழுத்து. யார் இந்த மருந்தை எடுக்கக்கூடாது, எதோடு சேர்க்கக்கூடாது, என்ன நடந்தால் ஓடிவர வேண்டும். வாசிப்பவரை நான் கண்டதில்லை. ஆனால் தாள் இல்லாமல் ஒரு பெட்டி போனால் முழு வரிசையையும் நிறுத்துவார்கள்.

செபமாலை அண்ணையும் அங்கேதான், பெட்டிகளை லொறியில் ஏற்றும் பக்கம். அவரோடு சோடியாக வேலை செய்தவர் இப்ரஹிமா. செனகல் நாட்டுக்காரர். இருவருக்கும் பொதுவாக ஐம்பது பிரெஞ்சுச் சொல் இருக்கும். அதற்குள் ஒரு சிநேகிதம் நடந்துகொண்டிருந்தது.

அன்று உள்ளே போகும்போது, ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் சென்னைப் பெண் லிஃப்டில் வந்தார். வாய் சும்மா இருக்கவில்லை, கேட்டேன்.

"பொட்டாசியத்துக்குத் தமிழில் என்ன?"

"ஸ்கூல் புக்லயே பொட்டாசியம்தாங்க." சிரித்தார். "உரத்துக்கு மட்டும் சாம்பல் சத்துன்னு சொல்வாங்க. சாம்பல்ல நிறைய இருக்கும்ல, அதான். ஏன், கவிதை ஏதாச்சும் எழுதறீங்களா?"

"இல்லை" என்றேன்.

சாம்பல் சத்து. நல்ல சொல். நான்கு மாதம் பிந்தி வந்த சொல். நாக்கில் வைத்துக்கொண்டு பெட்டிகளுக்குத் தாள் வைத்தேன்.

இப்ரஹிமாவின் மரம்

சாப்பாட்டு இடைவேளையில் இப்ரஹிமா என்னைத் தேடி வந்தார். கையில் பழுப்புக் கடதாசிப் பை.

"செபா எப்படி? இதை அவரிடம் கொடுங்கள். முந்தினது முடியப்போகிறதென்று அவர் மனைவி சொல்லி அனுப்பினார்."

பைக்குள் பிளாஸ்ரிக் பொதி. அதற்குள் வெள்ளைத் தூள், கொஞ்சம் மஞ்சள் கலந்து, பழைய சோக்கட்டி நிறத்தில்.

"என்ன இது?"

"புய். எங்கள் ஊர் மரத்தின் பழம். பிரெஞ்சில் குரங்கின் பாண் என்பார்கள்."

அந்தப் பெயர் எனக்கு முன்பே தெரியும். பிரெஞ்சிலும் ரொட்டிக்குப் பாண் என்று எங்களுடைய சொல்லையல்லோ வைத்திருக்கிறாங்கள் என்று செபமாலை அண்ணை சொல்லிச் சொல்லிச் சிரித்த நாள் ஒன்றிருந்தது. இப்ரஹிமா ஒரு முழுப் பழத்தைக் கொண்டுவந்து காட்டிய நாள். பச்சை வெல்வெட் போர்த்த ஓடு. அதைக் கண்டதும் மன்னார்க்காரரான அண்ணை துள்ளிவிட்டார்: "இது எங்கட பெருக்க மரத்துப் பழமடா!" ஒட்டகத்துக்குத் தீனியாக அராபிய வணிகர் கொண்டுவந்து நட்டது என்று மன்னாரில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் ஆனைப்புளி என்பார்கள். ஆபிரிக்காவில் அது நிற்காத ஊரைத்தான் எண்ணவேண்டும்.

"எதற்குச் சாப்பிடுவீர்கள்?" என்றேன்.

இப்ரஹிமா விரலை மடித்தார். வயிற்றோட்டம் பிடித்த பிள்ளைக்குப் பழத்தூளைக் கரைத்துக் கொடுப்பார்களாம். காய்ச்சலுக்கும் கொடுப்பார்களாம். பட்டையை அவித்த தண்ணீரும் காய்ச்சலுக்குத்தான், ஆனால் அவருடைய தாய் அதைத் தானாக அவிக்க மாட்டாராம், அளவு தெரிந்தவரிடம்தான் கேட்பாராம். இலையைக் காயவைத்து இடித்துச் சாப்பாட்டில் போடுவார்களாம். மூச்சிழுப்புக்கு, மூத்திரம் எரிந்தால்.

இவற்றில் எது பலிக்கும், எது நம்பிக்கை என்று பிரிக்க எனக்குத் தகுதியில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வாழ்கிறார்கள். அது மட்டும் தெரியும்.

"மூத்திரத்துக்கு நல்லது என்று செபாவுக்குச் சொன்னீர்களா?"

"இலை என்று சொன்னேன். அவர் எல்லாருக்கும் 'பிப்பி, பிப்பி' என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்." சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைக் கண்டு நிறுத்தினார். "ஆனால் இது பழம். சும்மா புளிப்பு. ருசிக்கு. அவருடைய மனைவி உப்புக்குப் பதிலாக எல்லாக் கறியிலும் போடுகிறாராம். உப்பு விலக்காமே?"

உப்பு விலக்கு. விலக்கியவள் அவர் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"வீணாக எதையும் விடமாட்டோம்" என்று அவர் தொடர்ந்தார், ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட வேண்டும் என்பதைப்போல. "விதையை இடித்து எண்ணெய். ஓட்டை எரித்துச் சாம்பல். அந்தச் சாம்பலில் அம்மா சவர்க்காரம் காய்ச்சுவார். அவ்வளவு காரம் அதில்."

சாம்பல்.

"இப்ரஹிமா, உங்கள் கார் எங்கே?"

சிவப்பு விளக்குகள்

முதலில் போன் எடுத்தேன். வார்ட்டுக்குப் போட்டார்கள், காத்திருக்கச் சொன்னார்கள், வயலின் வாசித்தார்கள். மதியம் பன்னிரண்டு ஆகிறது. வார்ட்டுச் சாப்பாடு அண்ணைக்கு இறங்காது என்று ரெஜினா அக்கா காலையில் சொன்னது நினைவில் ஏறியது. அந்தச் சால்வை. உள்ளே வெப்பமான அறையில் அதை ஏன் இறுக்கிப் போர்த்துகிறார் என்று மூன்று நாளும் நான் கேட்கவில்லை. அதற்குள் வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டி. வயலின் முடியவில்லை. வைத்துவிட்டேன்.

காரில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. முன் கண்ணாடியின் உள்பக்கம் பனி பூத்தது. இப்ரஹிமா ஒரு கையால் அதைத் துடைத்துத் துடைத்து ஓட்டினார். தெருவோரம் சாம்பல் நிறத்தில் பனிக் குவியல். அந்த நகரத்தில் அத்தனை சிவப்பு விளக்குகள் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்தத் தூளில் அவருக்கு ஆகாதது இருக்கிறதா?"

"இருக்கலாம். நினைக்கிறேன்."

ஒரு சந்தி போனது.

"நான் அவரைக் கொன்றுவிட்டேனா?"

இல்லை, நான்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. பல்லுக்குப் பின்னால் நின்றது. பொதியை மடியில் வைத்திருந்தேன். பிடிக்கப் பிடிக்க அது மாவுபோல முனகியது. என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தாள் இல்லாத மருந்து. மருந்தென்று எவரும் சொல்லாத மருந்து.

வடிவாய்ச் சாப்பிட்டவர்

அறைக்குள் நுழைந்தபோது ரெஜினா அக்கா சால்வை நுனியால் அவருடைய வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டில் மேசையில் மூடி திறந்த பெட்டி. அடியில் மஞ்சள் குழம்பின் வரி மட்டும். அறையெங்கும் பெருஞ்சீரகமும் புளிப்பும்.

"இண்டைக்குத்தான் வடிவாய்ச் சாப்பிட்டவர் தங்கச்சி" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

செபமாலை அண்ணை இப்ரஹிமாவைக் கண்டு கையைத் தூக்கினார். "வா வா, பிப்பி டொக்டர்!"

நான் திரையைப் பார்த்தேன். காலையில் சிறு மேடுகளாக ஓடிய பச்சைக் கோடு இப்போது கூடாரக் கம்புகளைப்போல நெடுத்து, கூர்த்து, ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. பயப்படத் தெரிந்தது. மணியை அமத்தினேன். கைவிரல் மணியிலேயே கிடந்தது.

தாதியும் டொக்டரும் சேர்ந்தே வந்தார்கள். பொதியை நீட்டினேன். சொற்கள் ஒழுங்காக வரவில்லை. பயம் வந்தால் எனக்கு முதலில் விட்டுப்போவது பிரெஞ்சு. பழம், மரம், ஆபிரிக்கா, மூன்று நாளும் மத்தியானச் சாப்பாட்டில், இப்போதும், இப்போதுதான். டொக்டர் திரையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஊசி வந்தது. இன்னொன்று. மணல் பானம் இரண்டு மடங்கு.

"என்னவாம் தங்கச்சி? ஏன் ஓடுகினம்?" அண்ணையின் குரல் முதன்முறையாகச் சிறுத்திருந்தது.

"கறிக்குள்ளை போட்ட பெருக்கம் தூள் அண்ணை. அதிலைதான் அந்தச் சாமான் இருக்குப்போலை."

"அது மருந்தில்லையே! சாப்பாடெல்லோ!"

ரெஜினா அக்கா வெறும் பெட்டியைப் பார்த்தார். அதன் மூடியைத் தேடி எடுத்து மெதுவாகப் பூட்டினார். "உப்பில்லாமல் சாப்பிட மாட்டன் எண்டு அழுதவர். நாக்குக்கு ஏதாவது பிடிக்கட்டுமெண்டு..."

அப்போதுதான் சொன்னேன். முதலில் தமிழில், அவர்கள் இருவருக்கும். பிறகு பிரெஞ்சில், டொக்டருக்கு. இப்ரஹிமாவும் கேட்கும்படி.

"இவர்கள் பொய் சொல்லவில்லை. பொட்டாசியம் ஒருவகை உப்பு என்று நான் சொன்னேன். புளிப்புக்குத் தடையில்லை என்றும் நான்தான் சொன்னேன். உங்கள் ஆலோசகரைக் கேட்காமல்."

டொக்டர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு நேரம் இருக்கவில்லை. கண் திரையில் இருந்தது. எல்லாருடைய கண்ணும் அங்கேதான் இருந்தது. இப்ரஹிமா வாய்க்குள் எதையோ ஓதினார். ரெஜினா அக்கா கையிலிருந்த செபமாலை மணிகளை உருட்டினார். நான் எதையும் சொல்லிக்கொள்ளத் துணியவில்லை.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. யன்னலில் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் போயிருந்தது. கம்புகள் குட்டையாகின. பிறகு மழுங்கின. பிறகு பழையபடி சிறு மேடுகள், ஒன்றுக்குப் பின் ஒன்று, சோம்பலாக.

"அட," என்றார் செபமாலை அண்ணை, திரையை அல்ல, என்னைப் பார்த்து. "அப்ப நாலு மாசம் என்னைச் சும்மா உப்பில்லாமல் காயவிட்டனீங்களோ? இனியாவது ஒரு கல்லுப் போடலாமோ?"

கேட்டேன். டொக்டர் கூடாதென்று தலையசைத்துக் காரணமும் சொன்னார்.

"இல்லையாம் அண்ணை. பிறஷருக்கு உப்பும் குறைக்கத்தான் வேணுமாம்."

"அப்ப என்னத்தைத்தான் விட்டுவைச்சியள்!"

ரெஜினா அக்கா அழுதுகொண்டே சிரித்தார். இப்ரஹிமா விளங்காமலே சிரித்தார்.

கதிரை

மறுநாள் காலை இரத்தத்தில் ஏற்றம் இல்லை. கழுத்தில் குழாய் போடவில்லை. மெஷினுக்குப் போகும் நாள் இன்னும் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் வாழைப்பழத்துப் பெண், அதே உணவு ஆலோசகர், பொதியோடு வந்தார். தேடிப் பார்த்தாராம். இந்தப் பழத்தில் பொட்டாசியம் நிறையவாம். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு நல்ல உணவு. கூடினதை உடம்பே கழித்துவிடும். கழிக்க முடியாதவருக்கு, அதுவும் அவர் எடுக்கும் இரத்த அழுத்தக் குளிசையோடு, ஆபத்து. எங்கள் பழப்புளியும் அப்படித்தானாம்.

இப்ரஹிமாவுக்கு அதைப் போனில் சொன்னேன். "அப்படியென்றால் மரத்தில் பிழையில்லை" என்றார். மூச்சு விட்ட சத்தம் கேட்டது.

ரெஜினா அக்கா இரவு முழுக்கத் தூங்காத கண்களோடு பொதியையும் என்னையும் பார்த்தார். எனக்குத் தெரியும் என்ன வரப்போகிறதென்று.

"குறை நினைக்காதேங்கோ தங்கச்சி. பொட்டாசியம் எண்டால் என்ன?"

சாம்பல் சத்து என்று சொல்லலாம். நாக்கு நுனியில் இருந்தது. அழகான சொல். அவர் அடுப்புச் சாம்பலை நினைத்துக்கொள்வார், நான் தப்பித்துக்கொள்வேன்.

"எனக்குத் தெரியாது அக்கா."

பிறகு ஆலோசகரிடம் திரும்பினேன். "பொட்டாசியம் என்றால் என்ன என்று கேட்கிறார். எனக்கும் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள். சொல்வதை அப்படியே சொல்கிறேன்."

அவர் சுவரோரம் கிடந்த நீலக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கட்டிலின் ஓரத்தில் எனக்கும் இடம் விட்டார் செபமாலை அண்ணை.

யன்னலுக்குக் கீழே என் பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது, மூடியது. நான் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.